திரும்பி வரும் நிழல்: 136-ஆம் சாரோஸ் வரிசையின் சூரிய கிரகணங்கள்

1919 மே 29 அன்று பிரேசிலின் சோப்ரால் நகரிலும் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிபித் தீவிலும் தோன்றி ஐன்ஸ்டைனின் பெயரை உலகெங்கும் பரப்பிய முழுச் சூரிய கிரகணமும், 1955 ஜூன் 20 அன்று காலை இலங்கையின் பொலன்னறுவைப் பகுதியை இருளில் ஆழ்த்திய கிரகணமும், 2009 ஜூலை 22 அன்று சூரத்திலிருந்து பாட்னா வரை வட இந்தியாவைக் கடந்து சென்ற கிரகணமும் தனித்தனி நிகழ்ச்சிகள் போலத் தோன்றினாலும், வானியலார் கணக்கில் அவை ஒரே வரிசையின் உறுப்புகள் ஆகும். 136 என்னும் எண்ணால் குறிக்கப்படும் அவ்வரிசை 1360-ஆம் ஆண்டு தென்முனையருகே ஒரு சிறு பகுதிக் கிரகணமாகத் தொடங்கியது. 2622-ஆம் ஆண்டு வடமுனையருகே அதேபோன்றதொரு சிறு கிரகணத்துடன் முடிவடையும். இடைப்பட்ட 1262 ஆண்டுகளில் அதில் நிகழும் கிரகணங்கள் மொத்தம் 71. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 18 ஆண்டு, 11 நாள், ஏறத்தாழ 8 மணி நேரம். இந்தக் கால அளவையே சாரோஸ் என்கிறார்கள்.

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலவு வரும் அமாவாசைதோறும் கிரகணம் நிகழாததற்குக் காரணம், நிலவின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதே. பெரும்பாலான அமாவாசைகளில் நிலவின் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ வெற்று வெளியில் விழுந்துவிடுகிறது. இரு தளங்களும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு புள்ளிகளுள் ஏதேனும் ஒன்றன் அருகே சூரியன் இருக்கும்போது அமாவாசை நேர்ந்தால்தான் நிழல் பூமியைத் தொடும். கணுக்கள் எனப்படும் இப்புள்ளிகளுள், நிலவு தெற்கிலிருந்து வடக்கே ஏறிச்செல்லும் புள்ளி இராகு என்றும், வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் புள்ளி கேது என்றும் இந்திய வானியலில் பெயர்பெற்றன. பஞ்சாங்கங்கள் ஒவ்வொரு கிரகணத்தையும் இராகு கிரஸ்தம், கேது கிரஸ்தம் என்று பிரித்துக் குறிப்பதும் இதனால்தான். பாம்பு விழுங்கும் கதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இது துல்லியமான வானியல் செய்தி. 136-ஆம் வரிசையின் 71 கிரகணங்களும் கேதுவின் அருகிலேயே நிகழ்பவை.

ஒரு கிரகணம் அதே தன்மையுடன் மீண்டும் நிகழ வேண்டுமானால் மூன்று வேறுபட்ட மாதங்கள் ஒருங்கே முழு எண்ணிக்கையில் நிறைவடைய வேண்டும். முதலாவது, ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரையுள்ள 29.53059 நாள். இரண்டாவது, நிலவு ஒரு கணுவை விட்டு நீங்கி மீண்டும் அதே கணுவுக்கு வந்துசேரும் 27.21222 நாள். மூன்றாவது, நிலவு தன் நீள்வட்டப் பாதையில் பூமிக்கு மிக அருகிலுள்ள புள்ளியிலிருந்து புறப்பட்டு அப்புள்ளியை மீண்டும் அடையும் 27.55455 நாள். மூன்றுக்கும் பொதுவான மடங்கு எதுவும் இருந்தாக வேண்டும் என்ற நியதி கிடையாது. ஆயினும் முதல் வகையில் 223 மாதங்கள் 6585.32 நாளாகவும், இரண்டாம் வகையில் 242 மாதங்கள் 6585.36 நாளாகவும், மூன்றாம் வகையில் 239 மாதங்கள் 6585.54 நாளாகவும் அமைந்து, மூன்றும் கால் நாளுக்குள் ஒன்றிவிடுகின்றன. இதனால் ஒரு சாரோஸ் கழிந்து வரும் அமாவாசையில் நிலவு ஏறத்தாழ அதே கணுவிலும், பூமியிலிருந்து ஏறத்தாழ அதே தொலைவிலும் இருக்கிறது. 11 நாள் மட்டுமே தள்ளிப் போவதால் பருவமும் பெரிதாக மாறுவதில்லை. முந்தைய கிரகணம் நீண்ட முழுமையுடையதாக இருந்திருந்தால் அடுத்ததும் நீண்டதாகவே அமைகிறது.

இந்த ஒற்றுமையைக் காட்டிலும், அதில் எஞ்சி நிற்கும் சிறு பிழைகளே சாரோஸின் சுவையான பகுதி. ஒரு சாரோஸில் முழு நாள்களுக்கு மேல் மிஞ்சும் 0.32 நாள், அதாவது ஏறத்தாழ 8 மணி நேரத்தில், பூமி தன்னைத் தானே மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுகிறது. ஆகவே அடுத்த கிரகணம் சுமார் 120 பாகை மேற்கே, வேறொரு கண்டத்தில் நிகழ்கிறது. மூன்று சாரோஸ்கள் சேர்ந்த 54 ஆண்டு 34 நாளுக்குப் பிறகுதான் நிழல் ஏறத்தாழ அதே தீர்க்கரேகைக்குத் திரும்புகிறது. இரண்டாவது பிழை கணுவைப் பற்றியது. 223 அமாவாசைகளுக்கும் 242 கணு மாதங்களுக்கும் இடையேயுள்ள 52 நிமிட வேறுபாட்டால், ஒவ்வொரு முறையும் அமாவாசை கணுவிலிருந்து ஏறத்தாழ அரைப் பாகை மேற்கே நகர்கிறது. வானத்தில் சூரிய வட்டின் அகலமே அரைப் பாகைதான் என்பதால், ஒரே ஒரு முறை பார்த்தால் இது பொருட்படுத்தத் தக்கதன்று. எழுபது முறை கூடும்போது வரிசையின் தொடக்கத்தையும் முடிவையும் அதுவே தீர்மானிக்கிறது.

136-ஆம் வரிசை 1360 ஜூன் 14 அன்று தொடங்கியபோது அமாவாசை கேதுவுக்குக் கிழக்கே வெகுதொலைவில் நேர்ந்ததால், நிலவு தெற்கே விலகியிருந்து, அதன் புறநிழல் மட்டும் தென்முனைப் பகுதியை உரசிச் சென்றது. அடுத்தடுத்த கிரகணங்களில் அமாவாசை கேதுவை நெருங்க நெருங்க, நிழல் வடக்கே ஏறியது. எட்டுப் பகுதிக் கிரகணங்களுக்குப் பின் 1504-இல் நிழலின் அச்சு முதன்முறையாகப் பூமியைத் தொட்டது. ஆனால் அப்போது நிலவு சற்றுத் தொலைவில் இருந்து சிறியதாகத் தோன்றியதால் சூரியனை முழுவதும் மூட முடியாமல் ஆறு கங்கணக் கிரகணங்களே நிகழ்ந்தன. 1612 முதல் 1703 வரை மேலும் ஆறு, பாதையின் ஒரு பகுதியில் கங்கணமாகவும் மற்றொரு பகுதியில் முழுமையாகவும் தோன்றும் கலப்புக் கிரகணங்கள். 1721 ஜனவரி 27 முதல் 2496 மே 13 வரை 44 முழுக் கிரகணங்கள். 1991-இல் நிழலின் அச்சு பூமியின் மையத்தை ஏறக்குறைய ஊடுருவிச் சென்றது. அதன்பின் வரும் ஒவ்வொன்றும் மையத்துக்கு வடக்கே விலகிச் செல்கிறது. 2496-க்குப் பின் ஏழு பகுதிக் கிரகணங்களுடன் வரிசை ஓய்ந்துவிடும்.

இச்சுழற்சியை முதலில் உணர்ந்தவர்கள் பாபிலோனியர்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அவர்கள் களிமண் பலகைகளில் தொடர்ந்து எழுதிவைத்த கிரகணப் பதிவுகளே இதற்கு அடிப்படையாயின. அவர்கள் இதைச் சூரிய கிரகணங்களிலிருந்து கண்டறிந்திருப்பது அரிது. சந்திர கிரகணங்களிலிருந்தே கண்டிருக்க வேண்டும். காரணம் எளியது: சந்திர கிரகணத்தைப் பூமியின் இரவுப் பாதி முழுவதும் காணும், முழுச் சூரிய கிரகணமோ சில நூறு கிலோமீட்டர் அகலமேயுள்ள ஒடுங்கிய பாதைக்குள் இருப்பவர்க்கு மட்டும் தெரியும், அதுவும் அடுத்த முறை வேறு கண்டத்துக்குப் போய்விடும். அவர்கள் 223 மாதங்களுக்குள் கிரகணம் நிகழக்கூடிய 38 இடங்களை வரையறுத்து அட்டவணை அமைத்தனர். கி.மு. 585-இல் கிரேக்க அறிஞர் தேலிஸ் ஒரு சூரிய கிரகணத்தை முன்னறிவித்தார் என்னும் புகழ்பெற்ற செய்திக்குச் சாரோஸை ஆதாரமாகக் காட்டும் வழக்கம் உண்டு. கிரகணம் எந்த ஊரில் தெரியும் என்பதைச் சாரோஸ் மட்டும் கொண்டு சொல்ல இயலாது என்பதை எண்ணிப் பார்த்தால், அச்செய்தியை அப்படியே ஏற்பது கடினம்.

எட்டு மணி நேரப் பிழையைக் கிரேக்கர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு ஏடுகளைவிட உறுதியான சான்று ஒன்று இருக்கிறது. கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் அன்டிகிதெரா என்னும் கிரேக்கத் தீவருகே கண்டுபிடித்த பழங்காலக் கப்பல் சிதைவிலிருந்து 1901-இல் மீட்கப்பட்டு, இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ள வெண்கலப் பற்சக்கரப் பொறியின் பின்புறத்தில், நான்கு சுற்றுகள் கொண்ட சுருள் வடிவ முகப்பு ஒன்று 223 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கிரகணம் வரக்கூடிய மாதங்களுக்குரிய கட்டங்களில் அது சூரியனுடையதா நிலவுடையதா என்பதும், எத்தனையாவது மணியில் என்பதும் குறியீடுகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அருகே மூன்று பிரிவுகள் மட்டுமே கொண்ட இன்னொரு சிறு முகப்பு இருக்கிறது: நடப்புச் சுழற்சியில் மணிக் கணக்குடன் எதுவும் கூட்டவேண்டாமா, 8 கூட்ட வேண்டுமா, 16 கூட்ட வேண்டுமா என்பதை அது காட்டும். 54 ஆண்டுச் சுழற்சியைக் கண்காணிக்கும் ஊசி அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கைவினைஞர் 223 பற்களைக் கொண்ட வெண்கலச் சக்கரத்தை வெட்டியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது, அக்காலத்துக் கணித நூல்கள் பற்றிய வியப்பைக் காட்டிலும் அக்காலத்து அரத்தைப் பற்றிய வியப்பே மேலிடுகிறது.

இந்திய வானியலார் வேறு வழியில் சென்றனர். கிரகணங்களின் மீள்வரவைப் பட்டியலிடுவதைவிட, சூரியன், நிலவு, இராகு ஆகியவற்றின் நிலைகளைக் கணித்து ஒவ்வொரு கிரகணத்தையும் தனியே வருவிப்பதே சித்தாந்த நூல்களின் முறை. தமிழகத்தின் வாக்கியப் பஞ்சாங்க மரபு, 248 நாளில் நிலவு ஒன்பது முறை தன் அண்மைப் புள்ளிக்குத் திரும்புகிறது என்ற உறவை அடிப்படையாகக் கொண்டது. மேலே கூறிய மூன்று மாதங்களுள் மூன்றாவதே இங்கும் அளவுகோலாகிறது. 1825-இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுத்தோ ஏடோ இன்றி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக்கொண்டு தரையில் சோழிகளை நகர்த்தியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் தம் காலசங்கலித என்னும் நூலில் பதிவு செய்திருக்கிறார். கிரகணத்தின் தொடக்கம் உண்மை நேரத்திலிருந்து சில நிமிடங்களே விலகியிருந்தது.

இன்று வழங்கும் வரிசை எண்களுக்குக் காரணமானவர் வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். கி.மு. 1208 முதல் கி.பி. 2161 வரையுள்ள 8000 சூரிய கிரகணங்களை ஆஸ்திரிய வானியலார் தியோடர் ஃபொன் ஒப்போல்ட்சர் கணக்கிட்டுத் தர, அப்பெரும் பட்டியல் 1887-இல் வெளிவந்தது. அதை எடுத்துக்கொண்டு சாரோஸ் வரிசைகளாக அடுக்கி எண்ணிட்டவர் நெதர்லாந்தின் சட்டப் பேராசிரியரும் அரசியல்வாதியுமான ஜார்ஜ் வான் டென் பெர்க். அவருடைய நூல் 1955-இல் வெளிவந்தது. எந்தக் காலத்திலும் ஏறத்தாழ நாற்பது வரிசைகள் ஒருங்கே இயங்கிக்கொண்டிருக்கின்றன. 156-ஆம் வரிசை 2011 ஜூலை 1 அன்று அண்டார்க்டிக்கா அருகே பிறந்தது. 117-ஆம் வரிசை 2054-இல் முடியும்.

அவ்வரிசைகளுள் 136-க்குத் தனிச் சிறப்பு ஏற்பட்டது அதன் முழுமையின் நீளத்தால் மட்டுமன்று. 1883, 1901, 1919 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த அதன் மூன்று கிரகணங்கள் இயற்பியல் வரலாற்றின் ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்துவிட்டன. புதன் கோளின் நீள்வட்டப் பாதை நூறாண்டுக்கு 43 விகலை அளவு, அதாவது ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சும் அளவு, நியூட்டனின் கணக்குக்கு மிகையாகத் திரும்புகிறது. இதற்குக் காரணம் சூரியனுக்கும் புதனுக்கும் இடையே மறைந்திருக்கும் ஒரு கோளாக இருக்கலாம் என்று பிரெஞ்சு வானியலார் லெ வெரியே 1859-இல் கருதினார். அக்கோளுக்கு வல்கன் என்று பெயரும் இடப்பட்டது. சூரிய ஒளியில் அமிழ்ந்திருக்கும் அத்தகைய கோளைத் தேட முழுக் கிரகணத்தை விட்டால் வேறு தருணம் இல்லை. 1883 மே 6 அன்று பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள கரோலைன் தீவில் எட்வர்ட் ஹோல்டன் தலைமையில் அமெரிக்கக் குழுவும் ஜூல்ஸ் ஜான்சன் தலைமையில் பிரெஞ்சுக் குழுவும் முகாமிட்டன; சிறுகோள்களைக் கண்டுபிடிப்பதில் புகழ்பெற்ற யோகான் பாலிசாவும் அங்கே தேடினார். கோள் எதுவும் தென்படவில்லை. அடுத்த சாரோஸில், 1901 மே 18 அன்று, நிழல் மொரீஷியஸிலிருந்து சுமத்ரா வழியே சென்றபோது, லிக் ஆய்வகத்தின் சார்ல்ஸ் பெரைன் ஒளிப்படத் தகடுகளைக் கொண்டு மீண்டும் தேடினார். அப்போதும் வல்கன் கிடைக்கவில்லை.

அதே 1901-இல் சுமத்ராவில் கிரகணத்தைக் கண்டவர்களுள் பிரிட்டனின் பிராங்க் டைசன் ஒருவர். பின்னர் அரசவை வானியலாராக உயர்ந்த அவர், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் 1915-இல் வெளியாகிப் புதனின் 43 விகலையைப் புதிய கோள் எதுவுமின்றி விளக்கிவிட்ட நிலையில், அதே கோட்பாடு கூறும் மற்றொரு விளைவைச் சோதிக்க 1919 மே 29 பெரிதும் ஏற்றது என்பதை 1917-இல் சுட்டிக்காட்டினார். சூரியனின் ஈர்ப்பு அதன் விளிம்பை உரசி வரும் விண்மீன் ஒளியை 1.75 விகலை வளைக்கும் என்பது ஐன்ஸ்டைனின் கணிப்பு. நியூட்டன் வழியில் கணித்தால் அதில் பாதியே கிடைக்கும். இதை அளக்கச் சூரியனைச் சுற்றிலும் ஒளிமிக்க விண்மீன்கள் பல இருந்தாக வேண்டும். மே மாத இறுதியில் சூரியன் உரோகிணியை அடுத்த ஹையடீஸ் விண்மீன் கூட்டத்தின் முன் நிற்கிறது. சாரோஸுக்குச் சாரோஸ் தேதி 11 நாள் தள்ளுவதால் சூரியனின் இடமும் விண்மீன்களிடையே ஏறத்தாழ 11 பாகை நகர்கிறது. எனவே 1901-இலோ 1937-இலோ இவ்வரிசைக்கு அந்தப் பின்னணி வாய்த்திருக்காது. ஐந்து நிமிட முழுமையும் ஹையடீஸும் சேர்ந்து அமைந்தது அந்த ஒரு முறைதான்.

அவ்வளைவை அளக்கச் சென்ற இரு வானியல் குழுக்களில், பிரின்சிபியில் எடிங்டனும் காட்டிங்கமும், சோப்ராலில் குரோமெலினும் டேவிட்சனும் படமெடுத்தனர். மேகத்தால் பிரின்சிபியின் பதினாறு தகடுகளுள் இரண்டே பயன்பட்டன; அவை 1.61 விகலை தந்தன. சோப்ராலின் சிறிய தொலைநோக்கி 1.98 விகலை தந்தது. அங்கிருந்த மற்றொரு கருவி நியூட்டன் மதிப்பை ஒட்டிய எண்ணைத் தந்தபோதிலும், அதன் பிம்பங்கள் கலங்கியிருந்ததால் அது ஒதுக்கப்பட்டது. அம்முடிவு சரியா என்ற விவாதம் வெகுகாலம் நீடித்தது. 1919 நவம்பர் 6 அன்று லண்டனில் ராயல் சங்கமும் ராயல் வானியல் சங்கமும் கூடிய கூட்டத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது. இல்லாத கோளைத் தேடிப் போனவர்களுக்கு வெறுங்கையை அளித்த அதே வரிசை, அக்கோள் தேவையில்லை என்று சொன்ன கோட்பாட்டுக்குச் சான்றளித்தது. இது தற்செயலே, ஆயினும் தற்செயல்களுள் இத்தனை ஒழுங்குடையது அரிது.

1937 ஜூன் 8 கிரகணம் 7 நிமிடம் 4 விநாடி முழுமையுடையதாக இருந்தும், அதன் பெரும்பகுதி யாருமற்ற பசிபிக் கடலில் வீணாயிற்று. 1955 ஜூன் 20 அன்று முழுமை 7 நிமிடம் 8 விநாடியை எட்டியது. 20-ஆம் நூற்றாண்டில் அதைவிட நீண்டது வேறில்லை. கோட்பாட்டளவில் முழுமைக்குரிய உச்ச வரம்பே 7 நிமிடம் 32 விநாடிதான். அவ்வரம்பை நெருங்க, நிலவு பூமிக்கு அண்மையிலிருந்து பெரிதாகத் தோன்றவேண்டும். பூமி சூரியனுக்கு மிகத் தொலைவிலிருக்கும் ஜூலைத் தொடக்கத்தை ஒட்டி நாள் அமைந்து சூரியன் சிறிதாகத் தோன்றவேண்டும். பூமிச் சுழற்சி நிழலை விடாமல் பின்தொடரும் வெப்பமண்டலத்தில் நிழல் விழவேண்டும். ஜனவரியில் முழுக் கிரகணங்களைத் தொடங்கிய இவ்வரிசை, முறைக்கு 11 நாளாக நகர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்நிலைகள் அனைத்தையும் ஒருசேர அடைந்தது. இலங்கையில் திரண்ட பன்னாட்டு ஆய்வாளர்களுள் பலருடைய ஏற்பாடுகளைத் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் கெடுத்துவிட்டன. உச்ச நேரத்தில் நிழல் பிலிப்பைன்ஸுக்கு மேற்கே கடல்மீது இருந்தது.

1973 ஜூன் 30 கிரகணத்தில் மேகத்துக்கு மேலேயே சென்றுவிடும் வழி கையாளப்பட்டது. கான்கார்ட் விமானத்தின் முதல் முன்மாதிரி கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து புறப்பட்டு, ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் சகாராவின்மேல் நிழலைத் தொடர்ந்து பறந்து, இன்று அன்ஜமேனா எனப்படும் சாட் நாட்டுத் தலைநகரில் இறங்கியது. விமானத்தில் இருந்த அறிவியலாளர்களுக்கு 74 நிமிட முழுமை கிட்டியது. 1991 ஜூலை 11 அன்று நிழல் ஹவாயின் மௌனா கேயா ஆய்வகங்களின் மேலும் மெக்சிகோ நகரின் மேலும் சென்றது. 2009-இல் முழுமை 6 நிமிடம் 39 விநாடியாகக் குறைந்திருந்தும் 21-ஆம் நூற்றாண்டின் நீண்ட முழுமை அதுவே. ஆரியபட்டரோடு தொடர்புபடுத்தப்படும் பீகாரின் தாரேக்னாவில் அதைக் காணத் திரண்ட கூட்டத்துக்குப் பருவமழை மேகமே மிஞ்சியது.

வரைபடத்தில் மும்மூன்றாகச் சேர்த்துப் பார்த்தால் நிழலின் வடதிசைப் பயணம் தெளிவாகத் தெரியும். 1901-இல் சுமத்ரா, 1955-இல் இலங்கை, 2009-இல் கங்கைச் சமவெளி, 2063-இல் வட சீனாவும் வட ஜப்பானும் என ஒரு சங்கிலி ஆசியாவில் ஏறிச் செல்கிறது. 1919-இல் நிலநடுக்கோட்டு ஆப்பிரிக்காவிலும் 1973-இல் சகாராவின் தென் விளிம்பிலும் சென்ற மற்றொரு சங்கிலி, 2027 ஆகஸ்ட் 2 அன்று ஜிப்ரால்டர் நீரிணை வழியாக நுழைந்து வட ஆப்பிரிக்காவைக் கடந்து, எகிப்தின் லக்ஸர் அருகே 6 நிமிடம் 23 விநாடி முழுமை தந்து, ஜெத்தா, மெக்கா வழியே ஏமன், சோமாலியா நோக்கிச் செல்லும். ஆகஸ்டில் அப்பாலைவனத்தில் மேகம் அரிது என்பதால், இலங்கையிலும் பீகாரிலும் வாய்க்காதது அங்கே வாய்க்கக்கூடும்.

அதன்பின் 2045-இல் 6 நிமிடம் 6 விநாடி, 2063-இல் 5 நிமிடம் 49 விநாடி, 2081-இல் 5 நிமிடம் 33 விநாடி என இவ்வரிசையின் முழுமை தேய்ந்துகொண்டே போகும். நீண்ட முழுமைக்கான இடத்தை இப்போதே 139-ஆம் வரிசை நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2024 ஏப்ரல் 8 அன்று மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் காணப்பட்ட கிரகணம் அதனுடையதே; அவ்வரிசையின் 2150-ஆம் ஆண்டுக் கிரகணம் 1973-க்குப் பின் முதன்முறையாக ஏழு நிமிடத்தைத் தாண்டும்; 2186 ஜூலை 16 அன்று தென் அமெரிக்காவின் கயானாக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் அது 7 நிமிடம் 29 விநாடியை எட்டும்.